ஆடையில்லாதவரும் துப்பில்லாதவரும்

திருமங்கலத்திலிருந்து செங்கோட்டை வழியாகக் கொல்லம் போகும் நெடுஞ்சாலையில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். பேருந்தில் ஏறிச் சீட்டு வாங்கிச் சில்லறையை எண்ணி முடிப்பதற்குள் அடுத்த ஊர் வந்துவிடும். துப்பறியும் கதைகளில் ஈடுபாடு உள்ளவருக்கு இந்தச் சிறு தூரத்தில் இரண்டு தடயங்கள் காத்திருக்கின்றன. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தலைமுடி. ராஜபாளையத்தில் ஒரு நாய்.

தலைமுடி பெரியாழ்வார் கண்டது. வடபத்திரசாயிப் பெருமாளுக்குக் கட்டிய மாலையில் ஒருநாள் முடி ஒன்று சிக்கியிருந்ததாக வழிவழியாகச் சொல்லிவரும் கதை. நந்தவனத்துப் பூ கோயிலுக்குப் போகுமுன் சற்று நேரம் வீட்டில் இருக்கும். வீட்டில் இருப்பவள் மகள் ஆண்டாள். தடயம், வாய்ப்பு, ஆள் என மூன்றும் பொருந்திவிட்டன. நாய், ராஜபாளையத்துக்காரர்கள் வளர்ப்பது. 2005இல் அஞ்சல் தலையில் இடம்பெற்ற அந்த வெள்ளை நாய் வீட்டாரைத் தவிர வேறு யாரையும் எளிதில் அண்டவிடாது. அப்படிப்பட்ட காவல் நாய் ஓர் இரவு குரைக்காமலே இருந்துவிட்டால்? இந்தக் கேள்வியைக் கோனன் டாயில் 1892இலேயே ‘சில்வர் பிளேஸ்’ கதையில் ஒரு குதிரை லாயத்தில் வைத்துக் கேட்டுவிட்டார். வந்தவன் நாய்க்குப் பழக்கமானவன் என்பதை ஷெர்லாக் ஹோம்ஸ் அதன் மௌனத்திலிருந்தே படித்துக்கொண்டார்.

முடியும் நாயும் ஒரே சாட்சியத்தைத்தான் சொல்கின்றன. தேட வேண்டிய ஆள் வேலிக்கு உள்ளே இருக்கிறார். மகள் என்பதால்தான் மாலை அவள் கைக்கு எட்டியது. பழகியவன் என்பதால்தான் நாய் வாயை மூடிக்கொண்டது. நம்பிக்கை இல்லாத இடத்தில் திருட்டு நடக்கலாம், கொலையும் நடக்கலாம். வஞ்சனை மட்டும் நடக்காது. வஞ்சனைக்கு முதல் போடுவதே நம்பிக்கைதான்.

துப்பறிவாளர்களைப் பற்றிப் பேசும்போது அவர்களுடைய மூளையைப் பற்றியே பேசிப் பழகிவிட்டோம். அவர்களைப் பிறர் எவ்வளவு நம்புகிறார்கள், அவர்கள் பிறரை எவ்வளவு ஏமாற்றுகிறார்கள் என்ற வரவுசெலவை யாரும் அதிகம் புரட்டிப் பார்ப்பதில்லை. அந்தக் கணக்கைப் பார்ப்பதற்குத் தமிழில் இருவர் போதும். ஒருவர் வடுவூர் கே. துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார். மற்றவர் தேவனின் துப்பறியும் சாம்பு. முன்னவர் மகா சமர்த்தர், பின்னவர் மகா அசடு. வடுவூரார் காலமான 1942ஆம் ஆண்டில்தான் சாம்பு ஆனந்த விகடனில் தலைகாட்டினார். ஒரு தலைமுறை இறங்கிய திண்ணையில் அடுத்த தலைமுறை ஏறி உட்கார்ந்ததுபோல் இருக்கிறது. எதிரெதிர்த் துருவங்கள் என்று நினைத்துத்தான் இவர்களை அருகருகே நிறுத்தத் தோன்றும். நிறுத்திய பிறகுதான் சாயல் தெரிகிறது.

சாயல் பெயரிலேயே தொடங்குகிறது. திகம்பரர் என்றால் திசைகளையே ஆடையாக உடுத்தவர், அதாவது ஆடையில்லாதவர். அந்தப் பெயரைச் சுமப்பவரோ வேடத்தின்மேல் வேடம் பூணுகிறவர். சாம்புவுக்கு முன்னால் நிற்கும் சொல் ‘துப்பறியும்’. அவருக்கோ துப்பு கிடைப்பதில்லை. கிடைத்தாலும் அது துப்பு என்று தெரிவதில்லை. கையாலாகாதவனைத் ‘துப்புக் கெட்டவன்’ என்று ஏசுவது நம் வீட்டு வழக்கு. அந்தத் துப்பும் இந்தத் துப்பும் ஒரே வேரா என்பதை அகராதிக்காரர்களிடம் விட்டுவிடலாம்; துப்புக் கெட்டவர் துப்பறிகிறார் என்ற வேடிக்கை நமக்குப் போதும். ஆக இருவர் பெயரிலும் முதற்சொல் பொய். ஒருவர் பெயரில் ஆடை இல்லை, உடம்பில் ஏராளம். மற்றவர் பெயரில் துப்பு இருக்கிறது, மண்டையில் இல்லை.

பெயரை நம்பி ஏமாறுவது என்னவென்று இந்த இரண்டு ஊர்க்காரர்களுக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு வாங்க வேண்டியிருந்தது. பெயருக்குக் காவல் தேவைப்படும் அளவுக்கு அந்தப் பெயர் விலைபோகிறது. வெள்ளையாக இருக்கும் குட்டியெல்லாம் ராஜபாளையம் என்று வெளியூரில் விற்கப்படுகிறது. மூக்கின் இளஞ்சிவப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் விவரம் தெரிந்தவர் வாங்குவார். பெயர் என்பது முன்கூட்டியே கொடுக்கப்பட்ட நம்பிக்கை. அதைச் சரிபார்ப்பவன் ஒவ்வொருவனும் அந்தக் கணத்தில் ஒரு துப்பறிவாளன். பால்கோவாவை நாக்கு விசாரிக்கிறது, நாய்க்குட்டியைக் கண் விசாரிக்கிறது. சாமியாரையும் சாம்புவையும்தான் கதைக்குள் யாரும் விசாரிப்பதில்லை. இருவருடைய பிழைப்பும் அந்தக் கவனக்குறைவில் நடக்கிறது.

சாமியாரின் பக்கம் முதலில் போவோம். துறவியின் கோலம் நம் நாட்டில் கதவுகளைத் திறக்கும் சாவி. பெயர் கேட்கமாட்டார்கள், ஊர் கேட்கமாட்டார்கள், திண்ணையில் இடம் கொடுத்துச் சோறும் போடுவார்கள். இந்தச் சாவியைத் தீயவன் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு மெய்ப்பொருள் நாயனார் வரலாறு இருக்கிறது. நீறு பூசி, ஏட்டுச் சுவடிக்குள் கத்தியை ஒளித்துக்கொண்டு, நாயனாரைக் கொல்லப் பகைவன் முத்தநாதன் அரண்மனைக்குள் போனான். வாயில் வாயிலாக அவனுக்கு வழி கிடைத்தது. வடுவூரார் செய்தது இந்தக் காட்சியைப் புரட்டிப் போட்டது. அதே கோலம், அதே வாயில்கள். சுவடிக்குள் கத்திக்குப் பதிலாக உண்மை. முத்தநாதன் நம்பிக்கையைக் கொல்வதற்காகக் கோலத்தைக் கடன் வாங்கினான். திகம்பர சாமியார் நம்பிக்கையைக் கொன்றவனைப் பிடிப்பதற்காக அதே கோலத்தைக் கடன் வாங்குகிறார்.

சாம்புவின் பக்கம் வந்தால், அவர் எதையும் கடன் வாங்கவில்லை. ஊர் அவருக்கு வலிய வந்து கொடுக்கிறது. அசட்டு வங்கிக் குமாஸ்தா ஒருவர் தடுக்கி விழுகிறார், குற்றவாளி மேல் விழுகிறார். உளறுகிறார், உளறல் உளவுச் செய்தியாகிவிடுகிறது. ஓடுகிறார், ஓடிய திசையில் திருட்டுப் பொருள் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் சுற்றி நிற்பவர்கள் அவருக்கு மேதை என்ற போர்வையைப் போர்த்திவிடுகிறார்கள். போர்வையை அவர் கேட்கவில்லை. கழற்றிக் கொடுக்கவும் இல்லை.

வள்ளுவரைக் கேட்டால் இருவருக்கும் இடம் வைத்திருக்கிறார். ‘கூடாவொழுக்கம்’ என்னும் 28ஆம் அதிகாரத்தில் போலித் துறவுக்கு அடுத்தடுத்த குறள்களில் இரண்டு உவமைகள் வருகின்றன. புலித்தோலைப் போர்த்துக்கொண்டு பயிரை மேயும் பசு ஒன்று. புதருக்குள் மறைந்திருந்து பறவை பிடிக்கும் வேடன் மற்றது. முதல் உவமையில் சாம்புவைக் காணலாம், போர்த்தியது பிறர் கை என்ற ஒரு திருத்தத்தோடு. இரண்டாவது உவமையில் சாமியாரைக் காணலாம், பறவை ஒரு கழுகு என்ற ஒரு திருத்தத்தோடு. இன்னும் வியப்பு, அறத்துப்பாலில் துறவிக் கோலப் பொய்யைக் கடிந்த அதே நூல், பொருட்பாலில் 59ஆம் அதிகாரமான ‘ஒற்றாடல்’ வந்ததும், ஒற்றன் துறந்தார் வடிவில் போய் ஆராய்வதை ஒற்றின் இலக்கணமாகவே சொல்கிறது. துறவியாக இருப்பவன் பொய்யாக இருந்தால் பழி. ஒற்றனாக இருப்பவன் துறவியாகத் தோன்றினால் தொழில். அந்த இரண்டு அதிகாரங்களுக்கும் இடையில் உள்ள மெல்லிய கயிற்றில்தான் திகம்பர சாமியார் நடக்கிறார்.

‘ஒற்றாடல்’ சாம்புவுக்கும் ஒரு பாடம் வைத்திருக்கிறது. ஓர் ஒற்றன் கொண்டுவந்ததை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும். ஒருவரை ஒருவர் அறியாத மூவர் சொல் ஒத்துவந்தால்தான் தெளிய வேண்டும் என்கிறது அது. இன்ஸ்பெக்டர் கோபாலன் இந்த அதிகாரத்தைப் படித்திருந்தால் சாம்புவின் தொழில் முதல் வாரத்திலேயே முடிந்திருக்கும். நல்லவேளை, அவர் படிக்கவில்லை.

கோபாலனிடம் கொஞ்சம் நிற்க வேண்டும். துப்பறிவாளனுக்குப் பக்கத்தில் ஒரு நம்பிக்கையாளர் நிற்பது கதைமரபு. ஹோம்ஸுக்கு வாட்சன், சாம்புவுக்குக் கோபாலன். வாட்சனின் நம்பிக்கையை ஹோம்ஸ் பலமுறை கருவியாகப் பயன்படுத்தியதை நாம் அறிவோம். 1913இல் வந்த ‘இறந்துகொண்டிருக்கும் துப்பறிவாளர்’ கதையில் சாகக் கிடப்பதாக நடித்து வாட்சனையே நம்பவைக்கிறார். வாட்சனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. ஆகவே எதிரியை ஏமாற்றுவதற்கு நண்பனை முதலில் ஏமாற்ற வேண்டியிருக்கிறது. வேடதாரியின் தனிமை இது. சாமியாரும் இந்தத் தனிமைக்கு உரியவர். எத்தனை முகம் மாற்றுகிறாரோ அத்தனை முறை, தம்மை நம்புகிறவர்களின் முன்னும் அவர் அந்நியராகிறார்.

சாம்பு, கோபாலனை ஏமாற்ற நினைத்ததே இல்லை. ஆனாலும் தமிழ்க் கதையுலகில் இவ்வளவு முழுமையாக, இவ்வளவு நீண்ட காலம், இவ்வளவு மகிழ்ச்சியோடு ஏமாந்த போலீஸ்காரர் வேறொருவர் இருக்க முடியாது. வாட்சன் நம்பினார், அவர் நம்பியவர் உண்மையிலேயே மேதை. கோபாலன் நம்பினார், அவர் நம்பியவர் அசடு. இருவருக்கும் கிடைத்த விளைவு ஒன்று: குற்றவாளி அகப்பட்டான். வாட்சனின் நம்பிக்கை ஹோம்ஸின் திறமைக்குச் சாட்சி. கோபாலனின் நம்பிக்கைதான் சாம்புவின் திறமையே. அதை எடுத்துவிட்டால் சாம்புவிடம் மிஞ்சுவது அசட்டுத்தனம் மட்டும்.

சாம்பு வங்கிக் குமாஸ்தாவாக இருந்தவர் என்பதை வெறும் நகைச்சுவைக்கான தொழிலாக எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை. வங்கி என்பது நம்பிக்கையைப் பெட்டியில் வைத்துப் பூட்டும் இடம். தமிழில் காசுக்கும் நேர்மைக்கும் ‘நாணயம்’ என்று ஒரே சொல் இருப்பது அந்தத் தொழிலின் தத்துவத்தை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. வங்கியில் பிறர் பணத்தைத் தம் பணம்போலக் கையாண்டவர், வெளியே வந்து பிறர் கொடுத்த பெயரைத் தம் பெயர்போலக் கையாள்கிறார். மறுபுறம் வடுவூரார் அரசு வருவாய்த் துறையில் இருந்து, அதை விட்டு எழுத வந்தவர். யாருக்கு எது சொந்தம், எந்தப் பத்திரம் அசல், யார் கையெழுத்து போலி என்ற கேள்விகளோடு ஊர் முழுவதும் வந்து நிற்கும் அலுவல் அது. ஒருவர் படைப்பில் கடன், மற்றவர் பிழைப்பில் ஆவணம். துப்பறியும் கதை இந்த இரண்டையும் தின்று வளர்வது.

சாமியாருக்கு எதிரே வைக்கப்பட்ட வில்லனையும் பாருங்கள். கதைப் பெயரில் திகம்பர சாமியாரும் கும்பகோணம் வக்கீலும் ‘அல்லது’ என்ற சொல்லால் பிணைக்கப்பட்டிருக்கிறார்கள். இரண்டு பெயர் வைப்பது அந்தக் கால நாவல் வழக்கம் என்று தாண்டிப் போய்விடலாம். போகவிடாமல் அந்த ‘அல்லது’ இழுக்கிறது. கட்சிக்காரனின் இரகசியம் தங்கும் இடம் வக்கீலின் மேசை. குடும்பத்தின் துயரம் தங்கும் இடம் சாமியாரின் காலடி. இரண்டும் நம்பிக்கை குவியும் இடங்கள். கறுப்பு அங்கிக்குள் வஞ்சகன், துறவிக் கோலத்துக்குள் துப்பறிவாளர். உடையைப் பார்த்து ஊர் இருவரையும் நம்புகிறது. ஒரு நம்பிக்கை தவறு, இன்னொன்று சரி. எது எது என்று உடை சொல்வதில்லை. சாம்புவின் உலகில் இப்படி ஒரு வில்லன் தேவைப்படவே இல்லை. அங்கே குற்றவாளிகள் வருவார்கள், போவார்கள். சாம்பு தாண்ட வேண்டிய ஒரே ஆபத்து, தாம் யார் என்பது தெரிந்துவிடுவது. சாமியாருக்குக் கதைமுடிவில் வேடம் கலைந்தால் வெற்றி. சாம்புவுக்கு வேடம் கலைந்தால் கதையே இல்லை.

இங்கே வாசகர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதும் மாறிவிடுகிறது. சாமியார் கதைகளில் நாம் ஏமாறுகிறவர்களின் பக்கம். வந்துபோகிற புது ஆட்களில் யார் சாமியார் என்ற ஐயத்தோடு பக்கம் புரட்டுகிறோம். முகத்திரை விழும்போது, ஏமாந்ததற்காக ஆசிரியருக்கு நன்றி சொல்கிறோம். சாம்பு கதைகளில் நாம் ஏமாற்றுகிறவர்களின் பக்கம். சாம்பு அசடு என்பது தேவனுக்குத் தெரியும், நமக்குத் தெரியும், கதைக்குள் உள்ளவர்களுக்குத் தெரியாது. ஐம்பது கதைகளுக்கு அந்த இரகசியத்தைக் காப்பாற்றிய கூட்டாளிகள் நாம். முன்னதில் நம் நம்பிக்கையோடு ஆசிரியர் விளையாடுகிறார். பின்னதில் ஆசிரியர் நம்மை நம்பி விளையாடுகிறார். தேவனுக்கு நேரான துப்பறியும் கதை எழுத வராது என்று யாரும் சொல்ல முடியாது, ‘சி.ஐ.டி. சந்துரு’வை எழுதியவர் அவர்தான். பூட்டுத் திறக்கத் தெரிந்தவர், பூட்டின்மேல் தலையை முட்டித் திறப்பவனைப் பற்றி எழுதியிருக்கிறார்.

தற்செயலால் வெல்லும் அசட்டுத் துப்பறிவாளர் என்றதும் திரைப்பட ரசிகர்களுக்கு இன்ஸ்பெக்டர் குளூஸோ நினைவுக்கு வருவார். அவர் ‘பிங்க் பாந்தர்’ படத்தில் வந்தது 1963இல். சாம்பு அவருக்கு இருபது ஆண்டு மூத்தவர். குளூஸோவின் மேலதிகாரிக்கு அவர் அசடு என்பது தெரிந்துவிடுகிறது. தெரிந்து அந்த மனிதர் பைத்தியமாகிறார். கோபாலனுக்குக் கடைசிவரை தெரிவதில்லை. அவர் ஆரோக்கியமாக இருக்கிறார். நம்பிக்கை உடம்புக்கு நல்லது என்பதற்கு இதைவிடச் சிறந்த மருத்துவச் சான்று கிடைக்காது.

திரைக்கு வந்தபோது இருவருக்கும் நேர்ந்ததும் கவனத்துக்குரியது. 1950இல் மாடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரம் எடுத்த ‘திகம்பர சாமியார்’ படத்தில் சாமியாராகப் பல வேடங்களில் வந்தவர் எம். என். நம்பியார். பிறகு பல பத்தாண்டுகள் அவர் முகத்தைப் பார்த்தாலே திரையரங்கில் சாபம் விழுந்தது. வெளியே அவர் ஆண்டுதோறும் சபரிமலைக்குக் குழுவை வழிநடத்திய குருசாமி. திரையில் வேடச் சாமியார், வாழ்க்கையில் மெய்ச் சாமி, இரண்டுக்கும் நடுவே நிரந்தர வில்லன்! கார்த்திகை பிறந்துவிட்டால் ராஜபாளையம் வழியாகச் செங்கோட்டைக்குப் போகும் வண்டிகளில் கறுப்பு வேட்டி கட்டிய எல்லாரும் எல்லாரையும் ‘சாமி’ என்றே கூப்பிடுவார்கள். நாற்பத்தொரு நாளுக்கு ஓர் உடை மனிதர்களுக்கிடையே நம்பிக்கையைத் தைத்துவிடுகிறது. சாம்புவைத் தொலைக்காட்சியில் ஏற்றவர் காத்தாடி ராமமூர்த்தி. நம்பியாருக்கு முகத்தை மறைப்பதில் வேலை. ராமமூர்த்திக்கு முகத்தில் எதையும் மறைக்காமல் இருப்பதில் வேலை. எது கடினம் என்று நடிகர்களைத்தான் கேட்க வேண்டும்.

இனி நியாயத் தராசு. சாமியார் பொய்யைத் தெரிந்தே சொல்கிறார், நன்மைக்காகச் சொல்கிறார். குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கப்படும் என்ற வள்ளுவர் வழக்கு அவருக்குத் துணை. ஆனால் அந்தத் துணை எவ்வளவு தூரம் வரும்? திரைப்படத்தில் உண்மையைக் கக்கவைப்பதற்காக வக்கீலைத் தூங்கவிடாமல் வைத்திருக்கும் காட்சி ஒன்று பேசப்படுவது. வேடத்துக்குள் இருப்பவருக்கு ஒரு சுதந்திரம் கிடைக்கிறது. தம் பெயரில் செய்யத் தயங்குவதைச் சாமியார் பெயரில் செய்துவிடலாம். கடன் வாங்கிய நம்பிக்கையைச் செலவழிக்கும்போது கை கொஞ்சம் தாராளமாகத்தான் போகும்.

சாம்பு பொய் சொல்வதில்லை. திருத்தாமல் இருக்கிறார், அவ்வளவே. மௌனம் பொய்யா என்பது பழைய கேள்வி. மனைவி வேம்புவும் குழந்தை சுந்துவும் இருக்கும் வீட்டில், ‘நான் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை’ என்று ஒரு மனிதர் ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் கடினம். ஆனால் சிரிப்பு அடங்கிய பின் ஒரு குளிர் தட்டுகிறது. சாம்புவின் விரல் யாரை நோக்கி நீண்டாலும் போலீஸ் அவரைப் பிடிக்கும். ஒவ்வொரு முறையும் அந்த விரல் தற்செயலாகக் குற்றவாளியைத்தான் காட்டுகிறது. ஒருமுறை தவறியிருந்தால், ஒரு நிரபராதி உள்ளே போயிருப்பார். கோபாலன் அப்போதும் கைகுலுக்கிப் பாராட்டியிருப்பார். புகழ் விசாரணையின் இடத்தில் உட்கார்ந்துவிட்டால் என்ன ஆகும் என்பதை பல பத்தாண்டுகளுக்கு முன்பே இவ்வளவு இலேசாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் தேவன்.

தவறாமல் காத்தது யார்? சாம்பு என்பது சிவபெருமானின் பெயர். அவரைக் காத்தவர் பெயரோ தேவன். ஆர். மகாதேவன் அந்தப் புனைபெயரைச் சூட்டிக்கொண்டபோது இந்தப் பொருத்தத்தை எண்ணியிருக்க மாட்டார். இருந்தும் சாம்பு கதைகளில் உண்மையில் துப்பறிகிறவர் தற்செயல் என்ற வேடத்தில் வரும் ஆசிரியர்தான். சாமியார் கதைகளில் அதே ஆசிரியர் வேடங்களுக்குள்ளே ஒளிந்து வருகிறார்: யார் எங்கே ஒளிந்திருக்கிறான் என்பதைச் சாமியாருக்கு முன்கூட்டியே காட்டிக்கொடுப்பவர் அவர். அங்கே ஆசிரியர் அறிவாக வேடமிடுகிறார், இங்கே அதிர்ஷ்டமாக. சமர்த்தரும் அசடும் ஒரே முதலாளியின் கணக்கில் சம்பளம் வாங்குகிறவர்கள் என்பது இந்த ஒப்பீட்டில் நான் எதிர்பார்க்காமல் தட்டுப்பட்ட உறவு.

இருவரையும் ஒரு கற்பனைச் சோதனைக்கு உட்படுத்தலாம். ராஜபாளையத்தில் ஒரு வீட்டு வாசல். உள்ளே அவிழ்த்துவிடப்பட்ட வெள்ளை நாய். திகம்பர சாமியார் மிகத் தேர்ந்த வேடத்தில் வருகிறார். வீட்டுக்காரர் கைகூப்புகிறார், நாயோ உறுமுகிறது. அதற்கு நீறும் தெரியாது, வக்கீல் அங்கியும் தெரியாது. பழகிய வாசனை, பழகாத வாசனை என்ற இரண்டே சாதிதான் அதன் உலகில். சாமியார் தோற்கக்கூடிய ஒரே நீதிமன்றம் அது. அடுத்து சாம்பு வருகிறார். வேடம் ஏதுமில்லை, நாயைக் கண்டதும் ஓடுகிறார், நாய் துரத்துகிறது, தெருமுனையில் மூட்டையோடு வந்துகொண்டிருக்கும் ஒருவன்மேல் மோதுகிறார். மூட்டைக்குள் என்ன இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நாய் இருவரையும் நம்பவில்லை. அதனிடம் ஏமாறுவதற்கு நம்பிக்கை கைவசம் இல்லை. ஆகவே அது நல்ல காவலாளி, ஆனால் நல்ல கதைமாந்தர் ஆகாது. ஏமாறத் தெரிந்த கோபாலனைத்தான் நமக்குப் பிடிக்கிறது.

அங்கிருந்து மறுபடியும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. முடியைக் கண்ட பெரியாழ்வார் எந்த வகைத் துப்பறிவாளர்? தடயத்தைச் சரியாகப் படித்தார். அதில் சாமியாரின் கூர்மை. தீர்ப்பில் தவறினார், அதில் சாம்புவின் அதிர்ஷ்டம். மகள் மாலையைச் சூடிப் பார்த்தது குற்றம் என்று எண்ணி, அந்த மாலையை ஒதுக்கிவிட்டு வேறு மாலை கட்டினார். பாதிக்கப்பட்டவர் என்று அவர் நினைத்த பெருமாளோ சூடிக் களைந்த மாலையைத்தான் கேட்டார். ஏமாற்று என்று தோன்றியது அங்கே அன்பாக வரவு வைக்கப்பட்டது. வழக்கு தள்ளுபடி.

புரட்டாசியில் திருமலைக் கருட சேவைக்கும், சித்திரையில் மதுரையில் ஆற்றில் இறங்கும் அழகருக்கும் ஆண்டாள் சூடிக் களைந்த மாலை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இன்றும் போகிறது. உலகத்துத் துப்பறியும் கதைகளில் தடயப் பொருள் உறைக்குள் முத்திரையிடப்பட்டு நீதிமன்ற அலமாரியில் தூங்கும். இங்கே அதைக் கூடையில் வைத்து மேளதாளத்தோடு அனுப்பிவைக்கிறார்கள்.